குழு ஒப்பீடும் மொழிபெயர்ப்பும்: உளவியல் ஆய்வில் மாறுபாட்டுப் பகுப்பாய்வு – அந்தமான் நிக்கோபார்ச் சூழலை முன்வைத்து

1. முன்னுரை

உளவியல் சோதனைகளில் மூன்றோ அதற்கு மேற்பட்டனவோ ஆகிய குழுக்களின் சராசரிகளை ஒருங்கே ஒப்பிடப் பெரிதும் பயன்பட்டு வரும் புள்ளியியல் முறை மாறுபாட்டுப் பகுப்பாய்வு ஆகும். மொழியியலாரும் மொழிபெயர்ப்பாளரும் இம்முறையை இரு நிலைகளில் எதிர்கொள்கின்றனர். சொல்லறிதல், நினைவாற்றல், இருமொழியம் பற்றிய ஆய்வுரைகளின் முடிவுகள் பெரும்பாலும் இம்முறை வழியே தரப்படுகின்றன. ஆதலின் படிப்போர் என்ற நிலையில் அதனை அறிய வேண்டியுள்ளது. வினாநிரல்களையும் சோதனைச் சொற்பட்டியல்களையும் பல மொழிகளில் ஆக்கித் தருவோர் என்ற நிலையில் அவர்கள் ஆய்வின் உள்ளேயே இடம் பெறுகின்றனர். இவ்விரண்டாம் நிலை போதிய கவனம் பெறவில்லை.

மாறுபாட்டுப் பகுப்பாய்வு எவ்வாறு இயங்குகிறது என்பதை விளக்குவதும், மொழிபெயர்ப்பால் நேரும் வேறுபாட்டை அக்கணக்கீடு தானே கண்டுகொள்ள இயலாது என்பதைக் காட்டுவதும் இக்கட்டுரையின் நோக்கங்களாகும். இதற்கு அந்தமான் நிக்கோபார்த் தீவுகள் ஏற்ற களமாக அமைகின்றன. 2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி 3,80,581 பேர் வாழ்ந்த இத்தீவுகளில் வங்காளம், இந்தி, தமிழ், தெலுங்கு, நிக்கோபாரி, மலையாளம் ஆகிய ஆறும் மிகுதியாகப் பேசப்படும் தாய்மொழிகளாகும். வங்காளம் பேசுவோர் ஏறத்தாழ 28 விழுக்காடு. தமிழ் பேசுவோர் ஏறத்தாழ 15 விழுக்காடு. எம்மொழியும் பாதியளவைக்கூட எட்டாத இத்தகைய நிலப்பகுதியில் மக்களின் மனநிலையை அளக்கப் புகுவோர் ஒரு மொழியில் மட்டும் வினவுதல் அரிது.

2. முறையின் தோற்றம்

மாறுபாட்டைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லை அதன் இன்றைய புள்ளியியற் பொருளில் 1918ஆம் ஆண்டுக் கட்டுரையொன்றில் வழங்கியவர் ரொனால்டு ஃபிஷர். 1919இல் இங்கிலாந்தின் ரோதாம்ஸ்டெட் வேளாண் ஆய்வு நிலையத்தில் பணியேற்ற அவர், உரவகைகளால் விளைச்சலில் நேரும் வேறுபாட்டை நிலத்தின் இயல்பான ஏற்றத்தாழ்வினின்று பிரித்தறிய இம்முறையை உருவாக்கினார். 1925இல் வெளிவந்த அவரது நூல் இம்முறையைப் பிற துறையினரிடம் கொண்டு சேர்த்தது. இறுதியில் கிடைக்கும் விகிதத்திற்கு, ஃபிஷர் பெயரின் முதலெழுத்தைக் கொண்டு ‘எஃப்’ எனப் பெயரிட்டவர் அமெரிக்கப் புள்ளியியலார் ஜார்ஜ் ஸ்னெடெகார். 1930களின் பிற்பகுதியில் உளவியலார் இதனைக் கைக்கொள்ளத் தொடங்கினர். இரண்டாம் உலகப் போருக்குப் பின் சோதனை உளவியலின் பொது வழக்காக இது நிலைபெற்றது.

வயலினின்று உள்ளத்திற்கு இம்முறை பெயர்ந்தபோது ஒரு வேறுபாடு மறைந்து போயிற்று. வயலில் எப்பாத்திக்கு எவ்வுரம் என்பதை ஃபிஷர் குலுக்கல் முறையில் முடிவு செய்தார். ஒருவரின் தாய்மொழியை அவ்வாறு குலுக்கி வழங்க இயலாது. மொழிக்குழுக்களை ஒப்பிடும்போது நேரும் இடர்களுக்கெல்லாம் மூலம் இதுவே எனலாம்.

3. மாறுபாட்டைப் பிரித்தல்

இம்முறையின் கருத்து எளியது. அளவைகள் அனைத்தும் ஒன்றாக இருப்பதில்லை. அவை தம்முள் மாறுபடுகின்றன. இம்மாறுபாட்டின் ஒரு பகுதி குழுக்களுக்கு இடையே அமைவது. மற்றொரு பகுதி ஒவ்வொரு குழுவின் உள்ளேயே ஆளுக்கு ஆள் அமைவது. முன்னது பின்னதைவிடக் குறிப்பிடத்தக்க அளவு பெரிதாயின், குழுக்களின் சராசரிகள் தற்செயலாக வேறுபட்டன என்று கொள்வது கடினமாகிறது.

விளக்கத்திற்காகவே அமைத்த ஓர் எடுத்துக்காட்டைக் காணலாம். மனத்துயரை அளக்கும் வினாநிரல் ஒன்றுக்கு மூன்று குழுக்களில் குழுவுக்கு நால்வராகப் பன்னிருவர் விடையளித்தனர் எனக் கொள்க. அவர்கள் பெற்ற மதிப்பெண்கள் வருமாறு:

முதற்குழு: 6, 7, 7, 8 (சராசரி 7)
இரண்டாம் குழு: 7, 9, 9, 11 (சராசரி 9)
மூன்றாம் குழு: 9, 11, 11, 13 (சராசரி 11)

பன்னிருவரின் பொதுச்சராசரி 9. குழுச்சராசரிகள் இதனின்று முறையே 2, 0, 2 என விலகுகின்றன. இவ்விலக்கங்களின் வர்க்கங்களைக் கூட்டி (4 + 0 + 4 = 8), குழுவில் உள்ளோர் எண்ணிக்கையாகிய 4ஆல் பெருக்கினால் 32 கிடைக்கும். இது குழுக்களுக்கு இடையிலான வர்க்கக் கூட்டுத்தொகை. ஒவ்வொருவரும் தத்தம் குழுச்சராசரியினின்று விலகும் அளவுகளின் வர்க்கக் கூட்டுத்தொகைகள் முறையே 2, 8, 8; ஆகமொத்தம் 18. இது குழுவுக்குள் அமைந்த பகுதி.

இவ்விரு தொகைகளையும் அப்படியே ஒப்பிடுதல் தகாது. ஒவ்வொன்றும் எத்தனை மதிப்புகள் தடையின்றி மாற இடந்தருகின்றதோ அவ்வெண்ணால் அதனை வகுத்தல் வேண்டும். இதனைக் கட்டின்மை எண் எனலாம். பொதுச்சராசரி நிலையாக இருக்க, மூன்று குழுச்சராசரிகளில் இரண்டே தடையின்றி மாறலாம். மூன்றாவது தானே முடிவாகிவிடும். அதுபோலவே நால்வர் கொண்ட ஒவ்வொரு குழுவிலும் மூவரின் மதிப்புகளே தடையின்றி மாறலாம். மூன்று குழுக்களுக்கும் சேர்த்து 9. எனவே 32 ÷ 2 = 16; 18 ÷ 9 = 2. இவற்றின் விகிதமாகிய 8 என்பதே எஃப் மதிப்பு. 2, 9 ஆகிய கட்டின்மை எண்களுக்கு, ஐந்து விழுக்காட்டு நிலையில் அட்டவணை தரும் எல்லை 4.26. கிடைத்த மதிப்பு இதனைக் கடந்து நிற்பதால், மூன்று சராசரிகளும் ஒன்றே என்னும் இன்மைக் கருதுகோள் மறுக்கப்படுகிறது.

சராசரிகள் மாறாமல் உள்வேறுபாடு மட்டும் மிகுந்தால் முடிவும் மாறும். முதற்குழு 4, 7, 8, 9 எனவும், இரண்டாம் குழு 6, 8, 10, 12 எனவும், மூன்றாம் குழு 8, 10, 12, 14 எனவும் மதிப்பெண் பெற்றிருப்பின் சராசரிகள் முன்போல 7, 9, 11 என்றே நிற்கும். ஆயின் குழுவுக்குள் அமைந்த வர்க்கக் கூட்டுத்தொகை 54 ஆகிவிடும். எஃப் மதிப்பு 16 ÷ 6, அதாவது 2.67 ஆகக் குறையும். இன்மைக் கருதுகோளை மறுக்க இது போதாது. சராசரிகளை மட்டும் நோக்கி முடிவு கூறுதல் பொருந்தாது என்பது இதனால் பெறப்படும்.

4. இவ்விரண்டாக ஒப்பிடுதலின் இடர்

இரு குழுக்களை ஒப்பிடுவதற்கு ‘டி’ சோதனை உண்டு. பல குழுக்களையும் அதனைக் கொண்டே இவ்விரண்டாக ஒப்பிட்டால் என்ன என்னும் வினா எழலாம். தீவுகளின் ஆறு பெருமொழிக் குழுக்களை அவ்வாறு ஒப்பிட 15 இணைகள் அமையும். உண்மையில் வேறுபாடே இல்லாதபோதும் ஓர் ஒப்பீட்டில் வேறுபாடு இருப்பதாகத் தவறாக முடிவு செய்யும் வாய்ப்பு ஐந்து விழுக்காடு. ஒப்பீடுகள் ஒன்றையொன்று சாராதவை எனக் கொண்டு கணக்கிட்டால், பதினைந்தில் ஒன்றிலேனும் அத்தகைய தவறு நேரும் வாய்ப்பு ஏறத்தாழ 54 விழுக்காடு. நாணயத்தைச் சுண்டுவதற்கும் இதற்கும் பெரிய வேறுபாடு இல்லை. மாறுபாட்டுப் பகுப்பாய்வு எல்லாக் குழுக்களையும் ஒரே சோதனைக்கு உட்படுத்துவதால் இவ்விடர் நீங்குகிறது. எனினும், சராசரிகள் எல்லாம் ஒன்றல்ல என்று மட்டுமே எஃப் கூறும். எக்குழு எக்குழுவினின்று வேறுபடுகிறது என்பதை அறிய டுக்கி முறை போன்ற தொடர்சோதனைகள் தேவை.

5. தீவுகளில் அளத்தல்

2004 டிசம்பர் 26ஆம் நாள் நேர்ந்த ஆழிப்பேரலை நிக்கோபார்த் தீவுகளைக் கடுமையாகத் தாக்கியது. இருப்பிடம் இழந்தோர் பலர் நிவாரண முகாம்களில் தங்கவைக்கப்பட்டனர். பெங்களூரின் தேசிய மனநல, நரம்பியல் அறிவியல் நிறுவனத்தைச் சேர்ந்த மருத்துவர்கள் முதல் மூன்று மாதங்களில் அங்குப் பணியாற்றிப் பெற்ற முடிவுகளைப் பின்னர் வெளியிட்டனர். இடம்பெயர்ந்தோரிடையே மனநோய்கள் 5.2 விழுக்காடாகவும், இடம்பெயராதோரிடையே 2.8 விழுக்காடாகவும் காணப்பட்டன என்பது 2008இல் வெளியான அவர்களது கட்டுரையின் முடிவு.

இங்கு முறை பற்றிய தெளிவு ஒன்று தேவை. நோய் உண்டு, இல்லை எனத் தலையெண்ணிப் பெற்ற விழுக்காடுகளை ஒப்பிடுவதற்குரியது மாறுபாட்டுப் பகுப்பாய்வு அன்று. அதற்குக் கை வர்க்கச் சோதனை போன்றவை உள்ளன. ஒவ்வொருவருக்கும் ஒரு மதிப்பெண் இருந்து, அவற்றின் சராசரியைக் குழுவாரியாக ஒப்பிடும்போதே மாறுபாட்டுப் பகுப்பாய்வு பொருந்தும். மனத்துயர், பதற்றம், உறக்கமின்மை முதலியவற்றை வினாநிரல் கொண்டு அளக்கும் ஆய்வுகள் இவ்வகையின.

மற்றொரு நிபந்தனையும் முகாம் சூழலில் இன்றியமையாதது. ஓர் அளவை மற்றோர் அளவையைச் சாராதிருத்தல் வேண்டும் என்பது இம்முறையின் அடிப்படை. ஒரே முகாமில் ஒரே இழப்பைப் பகிர்ந்து வாழ்வோரின் விடைகள் ஒன்றையொன்று சார்ந்தே அமையும். நிக்கோபாரி மக்களிடையே ‘துகேத்’ எனப்படும் கூட்டுக்குடும்பமே நிலவுரிமைக்கும் வாழ்க்கைக்கும் அடிப்படை. ஒரு துகேத்தைச் சேர்ந்த இருபதுபேரை இருபது தனித்தனி அளவைகளாக எண்ணினால் குழுவுக்குள் மாறுபாடு குறைந்து தோன்றும். எஃப் மதிப்பு பொய்யாக உயரும். முகாமையும் குடும்பத்தையும் தனிக்காரணிகளாகக் கணக்கில் சேர்த்தல் இதற்குத் தீர்வு.

6. மொழிவடிவம் குழுவோடு ஒன்றுதல்

மேற்காட்டிய மூன்று குழுக்களும் மூன்று மொழிக்குழுக்கள் என்றும், ஒவ்வொன்றும் தன் மொழியில் ஆக்கப்பட்ட வினாநிரலுக்கு விடையளித்தது என்றும் இனிக் கொள்வோம். மூன்றாம் குழுவின் மொழிவடிவத்தில் ஒரு வினா, மூலத்தைவிட எளிதில் ‘ஆம்’ எனச் சொல்லத்தக்கதாக அமைந்துவிட்டது. மூலம் நீடித்த மனத்தளர்ச்சியைக் கேட்க, மொழிபெயர்ப்பு நாளின் இறுதியில் எவர்க்கும் நேரும் உடற்சோர்வைக் கேட்பதாக ஆகிவிட்டது. அதனால் அக்குழுவினர் ஒவ்வொருவரின் மதிப்பெண்ணும் 2 உயர்ந்தது எனக் கருதுக.

இவ்வுயர்வு எங்குச் சென்று சேர்கிறது? ஒரு குழுவினர் அனைவருக்கும் ஒரே அளவு கூடுவதால் அக்குழுவின் உள்மாறுபாடு சிறிதும் மாறுவதில்லை. கூடியது முழுவதும் குழுக்களுக்கு இடையிலான பகுதியிலேயே சேர்கிறது. அந்த 2ஐக் கழித்துப் பார்த்தால் சராசரிகள் 7, 9, 9 ஆகும். இடைக்குழு வர்க்கக் கூட்டுத்தொகை 32இலிருந்து 10.67 ஆகக் குறையும். எஃப் மதிப்பு 8இலிருந்து 2.67 ஆகிவிடும். குழுக்கள் வேறுபடுகின்றன என்று முன்னர்ப் பெற்ற முடிவு ஒரே ஒரு வினாவின் மொழிபெயர்ப்பால் விளைந்தது என்பது இப்போது தெரிகிறது. ஆயின் ஆய்வாளர் கையில் இருப்பது உயர்ந்த மதிப்பெண்ணே. எவ்வளவு கழிக்க வேண்டும் என்பதை அத்தரவுகள் அவருக்குக் கூறமாட்டா. குழுவும் மொழிவடிவமும் ஒன்றிவிட்ட இடத்தில், உள்ளத்தின் வேறுபாட்டையும் சொல்லின் வேறுபாட்டையும் எக்கணக்கீடும் பிரித்துத் தர இயலாது. பங்கேற்போரின் எண்ணிக்கையை மிகுவித்தாலும் இக்குறை நீங்காது. பிழையான முடிவு மேலும் உறுதியாகத் தோன்றும், அவ்வளவே.

இதன் விளைவு ஏட்டளவில் நிற்பதன்று. எம்மக்களுக்கு மிகுதியான உதவி தேவை, எத்தீவுக்கு மருத்துவரை அனுப்புவது என்னும் முடிவுகள் இத்தகைய அளவைகளைச் சார்ந்து எடுக்கப்படக்கூடும். மொழிபெயர்ப்பால் தாழ்ந்த மதிப்பெண் பெற்ற குழு, துயரற்ற குழுவாகக் கருதப்பட்டுக் கைவிடப்படலாம்.

தமிழ் வடிவம் ஒன்றிருந்தால் தமிழர்க்குப் போதும் என்று கொள்வதும் பொருந்தாது. வேலூர் ஆய்வாளர்கள் பன்னிரு வினாக்கள் கொண்ட பொது நலவாழ்வு வினாநிரலின் தமிழ் வடிவத்தைச் செல்லுந்தன்மைச் சோதனைக்கு உட்படுத்தி 1999இல் முடிவுகளை வெளியிட்டனர். அங்குச் செல்லுபடியாகும் வெட்டுப்புள்ளி தீவுகளிலும் அப்படியே செல்லும் என்பதற்கு உறுதியில்லை. தீவுகளில் வாழும் தமிழருள் தமிழகத்தின் பல பகுதிகளினின்று குடியேறியோரும் உளர். 1964ஆம் ஆண்டு இந்திய–இலங்கை உடன்பாட்டின் வழித் தாயகம் திரும்பிக் கச்சால் தீவின் இரப்பர்த் தோட்டத்தில் குடியமர்த்தப்பட்ட மலையகத் தமிழரும் உளர். இவர்தம் பேச்சு வழக்குகள் வேறு. நாள்தோறும் கலந்து பேசும் இந்தியின் அளவும் வேறு. ‘மனம் சரியில்லை’ என்பதை ஒருவர் துயரம் எனவும், மற்றொருவர் சினம் எனவும், வேறொருவர் சித்தம் பிறழ்தல் எனவும் கொள்ள இடமுண்டு.

7. வடிவமைப்பால் பிரித்தல்

கணக்கீடு பிரிக்க இயலாததை ஆய்வு வடிவமைப்பு பிரிக்கலாம். இதற்கு இந்தியாவிலேயே நல்ல முன்மாதிரி உண்டு. ஒடிசாவின் கொந்த் மக்களை ஆராய்ந்த உளவியலார் அஜித் மொகந்தியின் இருமொழியம் பற்றிய நூலை மைசூரில் உள்ள இந்திய மொழிகளின் நடுவண் நிறுவனம் 1994இல் வெளியிட்டது. கூயி, ஒடியா ஆகிய இரண்டும் பேசும் கொந்த் மக்களையும், கூயி வழக்கொழிந்து ஒடியா மட்டும் பேசும் கொந்த் மக்களையும் அவர் ஒப்பிட்டார். இரு சாராரும் ஒரே இனத்தவர், ஒத்த பண்பாட்டினர். இனத்தையும் மொழியையும் களத்திலேயே பிரித்தமையால், அறிதிறனில் கண்ட வேறுபாட்டை இருமொழியத்தோடு தொடர்புபடுத்த வலுவான அடிப்படை கிடைத்தது.

தீவுகளிலும் இத்தகைய வாய்ப்பு உண்டு. போர்ட் பிளேயரில் (2024 முதல் ஸ்ரீ விஜயபுரம்) பல மொழியினரும் ஒருவரோடொருவர் இந்தியில் உரையாடுகின்றனர். ஒவ்வொரு மொழிக்குழுவிலும் இருமொழியாளரைத் தேர்ந்து, குலுக்கல் முறையில் பாதிப்பேருக்குத் தாய்மொழி வடிவத்தையும் மறுபாதிக்கு இந்தி வடிவத்தையும் வழங்கலாம். தாய்மொழியைக் குலுக்க இயலாது. வினாநிரலின் வடிவத்தைக் குலுக்க இயலும். இப்போது காரணிகள் இரண்டாகின்றன: குழு, வடிவம். இருவழி மாறுபாட்டுப் பகுப்பாய்வு மொத்த மாறுபாட்டைக் குழு, வடிவம், இவ்விரண்டின் இடைவினை, குழுவுக்குள் எஞ்சிய மாறுபாடு என நான்காகப் பிரிக்கும்.

மேற்கண்ட எடுத்துக்காட்டில் இடைவினையே கவனத்திற்குரியது. தாய்மொழி வடிவத்தில் சராசரிகள் 7, 9, 11 எனவும், இந்தி வடிவத்தில் 7, 9, 9 எனவும் அமைந்தால், முதலிரு குழுக்களில் வடிவத்தால் மாற்றமில்லை. மூன்றாவதில் மட்டும் 2 மாறுகிறது. அம்மொழிவடிவத்தை மீளாய்வு செய்க என்பதே இடைவினை தரும் செய்தி. எனினும் இதுவும் முற்றான தீர்வாகாது. இரண்டாம் மொழியில் துயரத்தைச் சொல்லுதல் தாய்மொழியில் சொல்லுதலினின்று இயல்பாகவே வேறுபடலாம். இருமொழியாளர் தம் குழுவின் ஒருமொழியாளரை முழுமையாகப் பிரதிநிதித்துவப்படுத்தாமலும் போகலாம். ஆகவே ரிச்சர்ட் பிரிஸ்லின் 1970இல் விளக்கிய மீள்மொழிபெயர்ப்பு முறையும், வினாவாரியான ஆய்வும், விடையளித்தோரிடம் வினாவை எவ்வாறு பொருள்கொண்டனர் எனக் கேட்டறிதலும் உடன் செல்லுதல் வேண்டும்.

8. சொற்களும் ஒரு மாதிரியே

ஆட்களைப் போலவே சோதனையில் இடம்பெறும் சொற்களும் ஒரு பெருந்தொகுதியினின்று எடுக்கப்பட்ட மாதிரிகளே. இருபது சொற்களைக் கொண்டு நடத்திய சோதனையின் முடிவு, அவ்விருபதிற்கு மட்டும் உரியதா, மொழிக்கே உரியதா என்னும் வினாவை 1964இல் கோல்மனும், 1973இல் ஹெர்பர்ட் கிளார்க்கும் எழுப்பினர். ஆட்களை மட்டும் கருதி எஃப் மதிப்பைக் கணக்கிடுவோர், வேறு சொற்களைத் தேர்ந்தாலும் அதே முடிவே வரும் என்று ஆய்வின்றியே கொண்டுவிடுகின்றனர் என்பது கிளார்க்கின் வாதம். அதன்பின் ஆட்கள்வழி ஒன்றும் சொற்கள்வழி ஒன்றுமாக இரு எஃப் மதிப்புகளைத் தரும் வழக்கம் பரவியது. 2000களின் பிற்பகுதியிலிருந்து, இரண்டையும் ஒருங்கே கருதும் கலப்பு விளைவு மாதிரியங்கள் மொழி உளவியலில் இதன் இடத்தைப் பெரிதும் பெற்று வருகின்றன. கணக்கீடு மாறினும் மொழிபெயர்ப்பாளர்க்குரிய படிப்பினை மாறவில்லை: ஒவ்வொரு சொல்லின் தேர்வும் அளவையின் ஒரு பகுதி.

9. கலைச்சொற்கள் பற்றி

இத்துறையின் கருத்துகளைத் தமிழில் தருவோர் மூன்று இடங்களில் விழிப்பாக இருத்தல் நலம். முதலாவது, அடிப்படைச் சொல்லே இரு வழக்கினது: தமிழகப் பாடநூல்களில் ‘விலக்க வர்க்கச் சராசரி’, ‘பரவற்படி’ என வழங்குவது இலங்கை வழக்கில் ‘மாறற்றிறன்’ ஆகும். இரண்டாவது, குழுவுக்குள் எஞ்சும் மாறுபாட்டைப் ‘பிழை’ எனப் பெயர்ப்பது வழக்கமாயினும், அங்கு எவரும் பிழை செய்யவில்லை. அது மனிதர்க்கிடையே இயல்பாக உள்ள வேறுபாடு. ‘எஞ்சிய மாறுபாடு’ என்பது பொருத்தமாகலாம். மூன்றாவது, எல்லையைக் கடந்த முடிவை ‘முக்கியமான’ முடிவு எனப் பெயர்த்தல் தவறான பொருள் தரும். தற்செயல் என ஒதுக்க இயலாதது என்பதே அதன் பொருள். அது சிறிய, பயனற்ற வேறுபாடாகவும் இருக்கலாம்.

10. முடிவுரை

மாறுபாட்டுப் பகுப்பாய்வு, ஆய்வாளர் முன்கூட்டியே பிரித்து வைத்தவற்றின் அளவைக் கூறும்; பிரிக்காமல் விட்டவற்றைப் பிரித்துத் தராது. பன்மொழிச் சூழலில் குழுவும் மொழிவடிவமும் ஒன்றாகவே நிற்பின், பெறப்படும் எஃப் மதிப்பு மக்களின் மனநிலையைப் பற்றியதா, மொழிபெயர்ப்பைப் பற்றியதா என அறிய வழியில்லை. ஆதலின் மொழிபெயர்ப்பாளரை வினாநிரல் முடிந்தபின் அழைப்பதினும், வடிவமைப்பு தொடங்கும்போதே அழைப்பது தகும். ஆய்வறிக்கைகளும் சராசரி, கட்டின்மை எண், எஃப் மதிப்பு ஆகியவற்றோடு, எக்குழு எம்மொழி வடிவத்திற்கு விடையளித்தது, அவ்வடிவம் எவ்வாறு ஆக்கப்பட்டுச் சரிபார்க்கப்பட்டது என்பவற்றையும் தருதல் வேண்டும். ஆறு பெருமொழிகள் அருகருகே வாழும் தீவுகளில் தொடங்கி, பல மொழிகளில் மக்களை அளக்கும் ஒவ்வோர் ஆய்வுக்கும் இது பொருந்தும்.